முகம் தெரியும் தரை

துணி அலசி முடித்த வாளியில் சரஸ்வதி கல் அலசிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய கிரானைட் மாதிரித் துண்டுகள். கறுப்பு, சாம்பல், சிவப்பில் புள்ளி போட்டது, வெள்ளையில் மிளகு தூவினாற்போல ஒன்று. முந்தின நாளே ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு நல்லெண்ணெய், கொஞ்சம் மஞ்சள் கரைசல், புளித்த மோர் என்று விட்டுக் காயவைத்திருந்தாள். இப்போது நாரால் தேய்த்து, வெயிலில் பிடித்து, எதில் கறை தங்கியிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையில் மஞ்சள் போகவேயில்லை. கறுப்பு ஒன்றுமே நடக்காதது போல மினுங்கியது.

"கறுப்பு தேறிருச்சுங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அவள் கணவர் சௌந்தரராஜன்.

அவர் எதையும் அப்பவே சொன்னவர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவர். சேர்ந்த நாளிலிருந்து தரச் சோதனைதான். அவருடைய அறையின் நடுவில் மேசை மாதிரி ஒரு பெரிய கறுப்புக் கல் உண்டு. சர்ஃபேஸ் பிளேட் என்பார்கள். தலைமுடி கனத்துக்குக்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் இழைத்த கல். அதன்மேல் வைத்துத்தான் பாகங்களின் அளவைப் பார்க்க வேண்டும். ஒருமுறை அந்தக் கல்லின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்ட பையனோடு அவர் பொங்கல் வரைக்கும் பேசவில்லை.

அந்தக் கல்லை விட்டு வீட்டுக்கு வந்தால் தரை வேறு மாதிரி இருந்தது. ராயக்கோட்டை ரோட்டு வாடகை வீட்டில் சிமெண்டு பொரிந்து, நடந்தால் பாதத்தில் மாவு மாதிரி ஒட்டும். மத்திகிரி வீட்டில் வெடிப்பு வழியே எறும்பு மண் தள்ளும். மகள் வினிதா தவழ்ந்த காலத்தில் அவளைப் பாயை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வதே சரஸ்வதிக்கு ஒரு வேலையாக இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ஊரார் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். சரஸ்வதி முதலில் குனிந்து பார்ப்பாள்.

பாகலூர் ரோட்டுக்கு உள்ளே ஒரு மனை வாங்கிப் போட்டு, அதில் சுவர் எழும்பி, கூரை போட்டு, கடைசியில் தரைக்கு வந்து நின்றது இரண்டாயிரத்து ஆறாம் வருடம். அதற்குள் வினிதாவைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் சம்பந்தி ராசாத்தி, "தண்ணிக் கொடத்தத் தூக்காதன்னு சொன்னா கேட்டாதானே," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வினிதா மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிள்ளை புது வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதில் சௌந்தரராஜன் பிடிவாதமாக இருந்தார்.

மொசைக் போடலாமா, டைல்ஸ் போடலாமா என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சரஸ்வதிக்குச் சொரசொரப்பான டைல்ஸ் மேல் ஒரு கண். கிரானைட் பூமியில் இருந்துகொண்டு எவனாவது குஜராத் டைல்ஸ் போடுவானா என்று அவர் ஒரே போடாகப் போட்டார். குந்தாரப்பள்ளி தாண்டி ஹைவே ஓரத்தில் ஒரு கல் யார்டுக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப அறுத்து, ஏதோ ஒரு நூலிழைக் கோடு தெரிந்ததென்று கழித்துப் போட்ட பலகைகள் அங்கே மரச் சட்டங்களில் சாய்ந்து நின்றன. அவர் கண்ணை மூடி, நகத்தால் வருடி, அந்தக் கோட்டை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சொன்னார். யார்டுக்காரரே அசந்துபோனார்.

"கப்பல்ல போக வேண்டிய கல்லு சரசு," என்றார் பெருமையாக. "என்ன, ஒரு முடி விழுந்திருக்கு. அவ்வளவுதான்."

"வழுக்காதாங்க?" என்று அவள் யார்டுக்காரரிடம் கேட்டாள்.

"காஞ்ச கல்லு எங்கக்கா வழுக்கும்? நடந்து பாருங்கோ."

அவள் செருப்போடு நின்றிருந்தாள். நிற்கவைத்த பலகையில் எப்படி நடப்பது? பலகைக்குள் தன் முகம் தெரிந்தது. கலைந்திருந்த முன்முடியை அதிலேயே பார்த்து ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று, மஞ்சள் பார்த்தாயிற்று, மோர் பார்த்தாயிற்று. வெறும் தண்ணீரை விட்டு, வெறுங்காலை அதன்மேல் வைத்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

கல் பதிக்க வந்த மேஸ்திரி சென்னப்பன் தளிப் பக்கத்து ஆள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். முதல் வரிசை பதித்து முடிந்த சாயங்காலம், சௌந்தரராஜன் ஷிப்டு விட்டு நேராக அங்கே வந்து, ரசமட்டத்தைக் கல் மேல் வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி வாசலை விட்டு உள்பக்கமாக ஒரு பயறளவு நகர்ந்து நின்றது.

"என்ன சென்னப்பா, சரிஞ்சிருக்கு?"

"வாசலுக்குக் கொஞ்சம் வாட்டம் வுட்டுக்கினு தான் சார் போடறது. கை அப்படியே போயிடுது."

"இது ஹால்யா. மாட்டுக் கொட்டாயா, வாட்டம் விடுறதுக்கு? பூரா எடுத்துட்டு ஜீரோவுக்குப் போடு."

"உங்க ஊடு, உங்க இஷ்டம். எனக்கின்னா சார்," என்று சென்னப்பன் கலவை இறுகுவதற்குள் கல்லை நெம்பி எடுத்தார். எடுத்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தபோது அவரே ரெண்டு பார்ட்டிகளைக் கூட்டிவந்து, "பாருங்கோ, நான் போட்டது," என்று காட்டினார். ஹால், படுக்கையறை, சமையல்கட்டு, குளியலறைக்குப் போகும் நடை என்று எங்கும் ஒரே மட்டம். சௌந்தரராஜன் கம்பெனியிலிருந்து ஒரு பேரிங் குண்டு கொண்டுவந்து ஹாலில் வைத்தார். அது வைத்த இடத்தில் நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை வைத்துக் காட்டினார். எடுத்து வேறிடத்தில் வைப்பார், அங்கேயும் நிற்கும். வந்தவர்கள் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு குண்டு உருளுமா என்று பார்த்தார்கள்.

சரஸ்வதிக்கு அதில் கேலியும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை வருடமாக யாரோ செய்ததை எடுத்துப் பார்த்துச் சரி, சரியில்லை என்று ஒதுக்கியே பழகியவர். அவராகச் செய்தது என்று ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதுதான் சங்கதி தெரிந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஹாலில் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினாள். தள்ளிய தண்ணீர் வாசல் வரைக்கும் போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். பக்கவாட்டில் பரவியதே தவிர வெளியே போகவில்லை. பழைய துணியைப் போட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்து, இடுப்பு விட்டுப்போயிற்று. எல்லாம் துடைத்தாயிற்று என்று நிமிர்ந்து, சமையல்கட்டிலிருந்து பால் டம்ளரோடு வந்தவளுக்கு, அடுத்த நொடி மோட்டுவளை தெரிந்தது.

துடைக்காமல் விட்ட இடத்தில் தண்ணீர் படலமாக நின்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி மேல் தண்ணீர் நின்றால் கண்ணாடி மாதிரிதானே இருக்கும். முழங்கை தரையில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது. கிடந்தபடி, முதலில் அவளுக்கு வலி நினைவுக்கு வரவில்லை. வினிதாவின் நடை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் சின்ன வயதிலிருந்தே நடக்காது. பாதி ஓட்டம்தான்.

விழுந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் பார்த்து நடக்க வேண்டியதுதானே என்பார். வினிதாவிடம் சொன்னால் அது ராசாத்தியின் காதுக்குப் போகும். முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டு, முழுக்கை ரவிக்கையால் மூடிக்கொண்டாள். குளிருக்குப் போட்டிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஓசூர் குளிர் அவளுக்கு அந்த ஒரு உதவியைச் செய்தது.

அதற்கப்புறம் அவளுக்கு வீட்டில் நிம்மதி இல்லை. படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாள் ஒரு கர்ப்பிணி? ஈரக் காலோடு எத்தனை தடவை திரும்பி வருவாள்? பஜாரிலிருந்து ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டாள். அதில் கால் வைத்தால் மிதியடியே ஆளைச் சுமந்துகொண்டு போயிற்று. சாக்கை விரித்தாள். ஓரம் சுருண்டு காலை வாரியது. தூங்கும்போதுகூடக் காதில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வினிதா போனில் கூப்பிட்டாள். "அம்மா, தரையில முகம் தெரியுதாமே. அப்பா ஒரே பீத்தல். வந்ததும் நான் பவுடர் டப்பாவத் தூக்கிட்டுத் தரையில உக்காந்துர்றேன்."

"வாடி வா. மெதுவா நடந்து வா."

"இப்பவே மெதுவாத்தாம்மா நடக்கேன். வாத்து மாதிரி."

போனை வைத்த பிறகு அவள் அவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"ஏங்க, பாத்ரூம் போற வழி மட்டும் கல்ல எடுத்துட்டுச் சொரசொரன்னு ஏதாச்சும் போட்டுருவோமா?"

"எதுக்கு?"

"தண்ணி நிக்குதுங்க. புள்ள வர்ற நேரம்."

"தண்ணி நின்னா தொடைக்கணும். ஈரம் ஆகாமப் பாத்துக்கறதுதான் முறை. கம்பெனில எண்ணெ சிந்துனா உடனே தொடைக்கிறோமா இல்லையா?"

"கம்பெனில நீங்க ஷூ போட்டு நடக்கீங்க. வீட்டுக்குள்ள எவ செருப்பு போடுவா?"

"ஒரு பீஸ எடுத்தா அக்கம்பக்கம் லெவல் போயிரும் சரசு. மேஸ்திரிய அந்தப் பாடு படுத்திப் போட்டது." அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். "நீ எல்லாத்துக்கும் பயப்படுவ."

பயந்துபோய் அவள் செய்த இன்னொரு காரியம் விபரீதமாகப் போயிற்று. வருகிற ஞாயிறு வளைகாப்பு என்று சொல்ல ராசாத்தி கூப்பிட்டபோது, "வீட்டுல இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, பத்து நாள் கழிச்சுக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

"எடம் தோதுப்படலைன்னா சொல்லிடுங்க சம்பந்தி. பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம். புது ஊடு அழுக்காவ வேணாம்," என்றார் ராசாத்தி.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமையே வந்துர்றோம்," என்று சரஸ்வதி சொல்லிவிட்டாள். ஞாயிறுக்கு அதிக நாள் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் காலை ஷிப்டுக்குப் போனதும், அன்றைக்கு வீடு கழுவ அவளுக்கு மனம் வரவில்லை. வாசலில் வெறுமனே நின்றிருந்தாள். அப்போதுதான் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. "அம்மீ கொத்தறதூ, ஆட்டுக்கல்லு கொத்தறதூ." தோளில் சாக்குப் பையோடு ஒரு பெண் ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. சரஸ்வதி அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவள் கடந்து போன பிறகுதான் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

அவள் பெயர் முனிலட்சுமி. வாசலில் உட்கார்ந்து சுத்தியையும் உளியையும் எடுத்து வைத்துக்கொண்டு, "எங்கக்கா அம்மி? தூக்கிக்கினு வா," என்றாள்.

"அம்மி இல்ல. உள்ள வா."

உள்ளே வந்த முனிலட்சுமி நடையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தரைக்குள் தெரிந்த தன்னையும் பார்த்தாள். "இது தரைக்கா."

"தெரியுது. இத கொத்தணும். இந்த ரூம்லேருந்து பாத்ரூம் வரைக்கும். கால் வச்சா புடிக்கிற மாதிரி."

"இதுல இன்னாக்கா அரைக்கப் போற? ஊருக்கே சட்னியா?"

சரஸ்வதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு என்பதால் கண்ணிலும் நீர் வந்தது. "எம்பொண்ணு மாசமா இருக்கா. இங்கதான் வரப்போறா. வழுக்குது."

முனிலட்சுமி கேலியை நிறுத்திக்கொண்டாள். உட்கார்ந்து உள்ளங்கையால் கல்லைத் தட்டிப் பார்த்தாள். "அம்மின்னா கனமான கல்லு, எவ்ளோ அடிச்சாலும் தாங்கும். இது பலகை. வுட்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல. ஐயாவக் கேட்டியா?"

"நீ கொத்து."

"கேக்கலையா. வந்து என்னத் திட்டப் போறாரு."

"அவரு வர்றதுக்குள்ள நீ போயிரலாம். என்னத்தான் திட்டுவாரு."

"அப்ப சரி," என்று முனிலட்சுமி கூலி பேசிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

முதல் அடி விழுந்தது. பளபளப்பின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. டிக்டிக்கென்று வீடெல்லாம் சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடிற்று. ஒவ்வொரு அடிக்கும் கல் விரிசல் விட்டுவிடுமோ என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளியலறை வாசலை ஒட்டிய கல்லில் ஒரு மூலை நிஜமாகவே மெல்லக் கீறிக்கொண்டு போயிற்று. முனிலட்சுமி கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "பரவால்ல, அடி," என்றாள் சரஸ்வதி.

முடிந்தபோது, கறுத்த தரையின் நடுவே படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் சாம்பல் பூத்த ஒரு பாதை கிடந்தது. புள்ளி மட்டும் வைத்துக் கோடு இழுக்காமல் விட்ட கோலம் மாதிரி. அழகு என்று சொல்ல முடியாது. முனிலட்சுமி போனதும் கல்தூளைப் பெருக்கி அள்ளினாள். சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, செருப்பில்லாத காலை வைத்தாள். கால் நின்றது. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக நடந்தாள். நின்றது. வினிதா மாதிரி பாதி ஓட்டமாக ஒரு தடவை போய்த் திரும்பினாள். பிறகு படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து, கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குக் காத்திருந்தாள்.

சௌந்தரராஜன் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்தபடியே அறைக்குள் வந்தார். குளியலறைப் பக்கம் திறக்கும் உள் வாசலைப் பார்த்தார். அவிழ்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குனிந்து, முழங்காலை ஊன்றி, கொத்திய இடத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே நகர்ந்தார். கம்பெனியில் பாகங்களை அப்படித்தான் தடவிப் பார்ப்பாராயிருக்கும். கீறல் விட்ட மூலைக்கு விரல் போனதும் அங்கேயே நின்றது.

"யாரு பண்ணது?"

"நான்தான் கொத்தச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை…"

"சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. சரஸ்வதி ரவிக்கையின் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். முழங்கையிலிருந்து பாதிக் கை வரைக்கும் நாவல்பழக் கறை மாதிரி இருந்தது. ஓரங்களில் மஞ்சளாக மாறியிருந்தது.

"எப்ப விழுந்த?"

"முதல் தடவை வீடு கழுவுன அன்னிக்கி."

"சொல்லவேயில்ல."

"பாத்து நடக்கணும்பீங்க. அத எனக்கே சொல்லிக்கிட்டேன்."

அவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு மறுபடி தரையைப் பார்த்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது. கோபமா, வேறென்னவா என்று இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கும் பிடிபடவில்லை. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் கொத்திய இடத்தில் ஊற்றினாள்.

"நடந்து பாருங்க."

அவர் எழுந்து நின்றார். நடக்கவில்லை.

"தரை உங்களுது. நான் கெடுத்துட்டேன், சரி. எங்கூட எத்தனை நாள் வேணும்னாலும் பேசாம இருங்க. ஆனா புள்ளைக்கு முன்னாடி முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா, அவ ஒரு பொழுது இங்க தங்க மாட்டா. அந்தம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரப் போகணும். நீங்க வர்றீங்கல்ல?"

சமையல்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அவிழ்த்த பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஏங்க. உங்களத்தான் கேக்கேன். வர்றீங்கல்ல?"

அவர் திரும்பினார். கொத்திய பாதையில் கால் வைக்காமல், வழவழப்பான ஓரமாக, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து, அறையை விட்டு வெளியே போனார்.